சிறு பண்ணைப் பன்றிகளின் தாதுப்பொருள் தேவைகள்

நம் நாட்டின் கால்நடைச் செல்வத்தில் பன்றிக்கு உரிய இடம் நெடுங்காலமாகக் குறைத்தே மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. 2019ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 90.6 இலட்சம் பன்றிகள் இருந்தன. இந்த எண்ணிக்கை 2012ஆம் ஆண்டில் இருந்ததைவிட 12 சதவீதம் குறைவாகும். ஆனால் இதே காலத்தில் அசாம் மாநிலத்தில் பன்றிகளின் எண்ணிக்கை 16.4 இலட்சத்திலிருந்து 21 இலட்சமாக உயர்ந்தது. அசாமுக்கு அடுத்த நிலையில் ஜார்க்கண்டும் மேகாலயமும் இருந்தன. பழங்குடி மக்களும் சிறு விவசாயிகளும் மிகுதியாக வாழும் இப்பகுதிகளில் ஒரு குடும்பம் இரண்டு அல்லது மூன்று பன்றிகளை வளர்ப்பதே பொதுவான வழக்கம். அவற்றிற்குத் தீனி வைத்துப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, திருமணம் ஆகிய தேவைகள் எழும்போது விற்றுப் பணமாக்கக்கூடிய சேமிப்பாகவே பன்றி கருதப்படுகிறது.

இந்தச் சேமிப்பைப் பெருக்க அரசு பல முயற்சிகளை மேற்கொண்டு வந்துள்ளது. 1970-71ஆம் ஆண்டில் பன்றிகள் பற்றிய அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் குவஹாத்தியை அடுத்த ராணி என்னும் இடத்தில் தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. உள்நாட்டு இனங்களோடு ஆம்ப்ஷயர் போன்ற அயல் இனங்களைச் சேர்த்து விரைவாக வளரும் கலப்பினங்கள் உருவாக்கப்பட்டன. இக்கலப்பினக் குட்டிகளும் அவற்றிற்கான கொட்டகைகளும் பல திட்டங்களின் வாயிலாக மக்களுக்கு வழங்கப்பட்டு வருகின்றன. எனினும் நல்ல இனக் குட்டியும் நல்ல கொட்டகையும் கிடைத்த பின்னரும் குட்டிகள் இறப்பதும், வளர்ச்சி குன்றுவதும், ஈன்ற தாய்ப்பன்றி எழ இயலாமல் படுத்துவிடுவதும் பல இடங்களில் காணப்படுகின்றன. இவற்றிற்கு நோய்களும் தீனிப் பற்றாக்குறையும் காரணங்களாக அமையலாம். ஆனால் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகும் மற்றொரு காரணம் தாதுப்பொருள் குறைபாடாகும். அதனைத் தவிர்க்க ஆகும் செலவு மிகச் சிறிது. தவிர்க்காவிடில் ஏற்படும் இழப்போ மிகப் பெரிது. எனவே இப்பொருளைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையதாகும்.

மண் தந்ததும் மனிதன் தரவேண்டியதும்

பன்றி இயல்பாகவே மண்ணைக் கிளறி உண்ணும் விலங்கு. திறந்த வெளியில் திரியும் பன்றி கிழங்கு, வேர், புழு, நத்தை ஆகியவற்றோடு மண்ணையும் சேர்த்தே உட்கொள்கிறது. இரும்பு முதலான தாதுப்பொருள்களில் ஒரு பகுதியை அது இவ்வாறு பெற்றுவிடுகிறது. வெயில் உடலில் படுவதால் எலும்பு வளர்ச்சிக்குத் தேவையான வைட்டமின் 'டி'யும் உண்டாகிறது.

ஆனால் பன்றிகளைத் திரியவிடுவது இன்று ஏற்கத்தக்க முறையன்று. மனிதக் கழிவை உண்ணும் பன்றிகளின் தசையில் நாடாப்புழுவின் கூடுகள் தங்கி, அவ்விறைச்சியைச் சரிவர வேகவைக்காமல் உண்போரிடம் நாடாப்புழு நோயைத் தோற்றுவிக்கின்றன. 2020ஆம் ஆண்டில் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டில் முதன்முறையாக உறுதி செய்யப்பட்டது. குணப்படுத்தும் மருந்து இல்லாத அந்நோயிலிருந்து பன்றிகளைக் காக்க, அவற்றை அடைத்து வளர்ப்பது இன்றியமையாததாகிவிட்டது. ஆகவே சிமெண்டுத் தரையிட்ட கொட்டகைகளும், மலைப்பகுதிகளில் நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டப்படும் மூங்கில் அல்லது மரத்தளக் கொட்டில்களும் ஊக்குவிக்கப்படுகின்றன.

இங்குதான் ஓர் அடிப்படை உண்மையை நாம் மறந்துவிடுகிறோம். பன்றியைத் தரையிலிருந்து பிரித்த அன்றே அதுவரை மண் அளித்து வந்த தாதுப்பொருள்களை அளிக்கும் பொறுப்பு வளர்ப்பவரைச் சேர்கிறது. கொட்டகைக்கு மானியம் அளிக்கும் திட்டம் இப்பொறுப்பை அவருக்கு எடுத்துரைக்காவிடில், ஒரு நோயைத் தடுக்கச் செய்த ஏற்பாடே மற்றொரு குறைபாட்டிற்கு வழிவகுத்துவிடும். மேலும், மெதுவாக வளரும் நாட்டுப் பன்றி ஓரளவு தாங்கிக்கொள்ளும் பற்றாக்குறையை, விரைந்து வளரும் கலப்பினம் தாங்கிக்கொள்ளாது. வளர்ச்சி வேகமாக இருந்தால் எலும்பிற்கும் இரத்தத்திற்கும் நாள்தோறும் தேவைப்படும் தாதுப்பொருளும் மிகுதியாக இருக்கும்.

இரும்பு: முதல் மூன்று வாரங்கள்

பன்றிக்குட்டியின் வாழ்வில் முதற்கண் எழுவது இரும்புச் சத்தின் தேவையாகும். குட்டி பிறக்கும்போது அதன் உடலில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் இரும்பு மட்டுமே சேமிப்பாக உள்ளது. விரைந்து வளரும் குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 7 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. தாய்ப்பாலிலிருந்து கிடைப்பதோ சுமார் 1 மில்லிகிராம்தான். தாய்ப்பன்றிக்கு எவ்வளவு இரும்பைத் தீனியில் கலந்து கொடுத்தாலும் பாலில் அதன் அளவு குறிப்பிடத்தக்க வகையில் உயர்வதில்லை.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 21 நாட்களில் குட்டியின் தேவை 147 மில்லிகிராம். பிறவிச் சேமிப்பு 50, பாலின் வழியாக 21, ஆக மொத்த வரவு 71 மில்லிகிராம். எனவே பற்றாக்குறை 76 மில்லிகிராம் ஆகும். எட்டு வாரங்கள் வரை இதே கணக்கை நீட்டினால் தேவை 392, வரவு 106, பற்றாக்குறை 286 மில்லிகிராம் என வரும். மண்ணோடு தொடர்பில்லாத கொட்டகையில் இந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்ய இயற்கையில் வேறு வழியில்லை. குட்டிகளின் காதும் மூக்கும் வெளிறும், தோல் சுருங்கும், உரோமம் சொரசொரப்பாகும், மூச்சு வாங்கும். சில வேளைகளில் பார்வைக்குக் கொழுமையாக இருக்கும் குட்டியே திடீரென இறந்துவிடும். தப்பிப் பிழைப்பவையும் கழிச்சல் முதலிய நோய்களுக்கு எளிதில் ஆளாகும்.

இதற்குரிய தீர்வு நெடுங்காலமாக அறியப்பட்டதே. பிறந்த மூன்றாம் அல்லது நான்காம் நாளில் 100 மில்லிகிராம் இரும்பு அடங்கிய டெக்ஸ்ட்ரான் ஊசி மருந்தைக் கழுத்துத் தசையில் செலுத்துவதும், பதினான்காம் நாளில் மீண்டும் ஒருமுறை அதே அளவு செலுத்துவதும் பொதுவான முறையாகும். எஞ்சிய பற்றாக்குறையை இரண்டாம் வாரத்திற்குப் பின் சிறிது சிறிதாகத் தொடங்கும் குட்டித் தீவனம் ஈடுசெய்யும். ஊசியைப் பயிற்சி பெற்றவரே போடவேண்டும், ஊசி தூய்மையாக இருக்கவேண்டும், அளவு மிகக்கூடாது. செலினியமும் வைட்டமின் 'ஈ'யும் குறைந்த குட்டிகளுக்கு இரும்பு ஊசியே நஞ்சாக மாறக்கூடும் என்பதால் கால்நடை மருத்துவரின் அறிவுரை இன்றியமையாதது.

ஊசி மருந்து எட்டாத சிற்றூர்களில் வேறு வழிகள் உண்டு. பத்து லிட்டர் நீரில் அரைக் கிலோ பெரஸ் சல்பேட் உப்பைக் கரைத்து, அக்கரைசலைத் தாயின் மடிக்காம்புகளில் நாள்தோறும் பூசிவந்தால், பால் குடிக்கும் குட்டி இரும்பையும் சேர்த்துப் பெறும். பன்றிகள் நடமாடாத இடத்திலிருந்து எடுத்த செம்மண்ணை வறுத்து ஆறவைத்துக் கொட்டகையின் ஒரு மூலையில் வைப்பது மற்றொரு முறை. வறுக்காத மண்ணில் குடற்புழுக்களின் முட்டைகள் இருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது. இம்முறைகள் ஊசியைப் போல உறுதியானவை அல்ல. எனினும் ஒன்றும் செய்யாதிருப்பதைவிட இவை பன்மடங்கு மேலானவை.

கால்சியமும் பாஸ்பரசும்

குட்டி வளர்ந்து தீனி உண்ணத் தொடங்கியதும் எலும்பைக் கட்டும் கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் தேவை முன்னிற்கிறது. வடகிழக்கு மாநிலங்களில் சேம்பு, சர்க்கரைவள்ளிக் கொடி, வாழைத்தண்டு, சமையற்கழிவு ஆகியவற்றோடு அரிசித் தவிட்டைச் சேர்த்துக் கொதிக்கவைத்த கலவையே பன்றியின் தீனி. இத்தீனியில் உலர்ந்த சத்தின் பெரும்பகுதி தவிட்டிலிருந்தே வருகிறது. தவிட்டின் இயல்பை அறிந்தால்தான் குறைபாட்டின் தன்மை விளங்கும்.

அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் சுமார் 1.5 சதவீதம் உள்ளது, கால்சியமோ 0.1 சதவீதத்திற்கும் குறைவு. மக்காச்சோளத்தில் பாஸ்பரஸ் சுமார் 0.28 சதவீதம், கால்சியம் 0.02 அல்லது 0.03 சதவீதம். வளரும் பன்றிக்குத் தேவையான விகிதமோ ஒரு பங்கு பாஸ்பரசுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு கால்சியம் ஆகும்.

ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ள ஒரு பன்றி நாளொன்றுக்கு ஒரு கிலோ தவிடும் அரைக் கிலோ மக்காச்சோளமும் உண்பதாகக் கொள்வோம். இந்த ஒன்றரைக் கிலோ தீனியில் 0.6 சதவீதக் கணக்கில் 9 கிராம் கால்சியமும், 0.5 சதவீதக் கணக்கில் 7.5 கிராம் பாஸ்பரசும் இருக்கவேண்டும். ஆனால் கிடைக்கும் கால்சியம் ஒரு கிராமுக்கும் குறைவு. பாஸ்பரசோ 16 கிராமுக்கும் மேல். இதனைக் காணும் மாணவர், பாஸ்பரஸ் இருமடங்கு மிஞ்சி நிற்கிறது என்று எண்ணக்கூடும். அதுவும் சரியன்று. தானியத்திலும் தவிட்டிலும் உள்ள பாஸ்பரசில் மூன்றில் இரண்டு பங்கு அல்லது அதற்கும் மேல் 'பைட்டேட்' என்னும் சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அக்கட்டை அவிழ்த்துவிடும்; பன்றியின் குடலுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. ஆகவே 16 கிராமில் பன்றிக்கு உண்மையில் பயன்படுவது 4 கிராம் அளவே. அந்த 4 கிராம் இப்பருவத்துப் பன்றியின் தேவைக்கு ஏறத்தாழப் போதுமானது.

இக்கணக்கிலிருந்து பொருளாதார முக்கியத்துவம் உடைய ஒரு முடிவு கிடைக்கிறது. தவிடு மிகுந்த தீனியில் உண்மையான பெரும் பற்றாக்குறை கால்சியமே, பாஸ்பரஸ் அன்று. தாதுப்பொருள்களில் விலை மிகுந்தது பாஸ்பரஸ், மலிவானது கால்சியம். 38 சதவீதம் கால்சியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூள் 22 கிராம் சேர்த்தால் மேற்கூறிய பன்றியின் ஒரு நாள் கால்சியப் பற்றாக்குறை தீர்ந்துவிடும். அதாவது 10 கிலோ உலர்தீனிக்குச் சுமார் 150 கிராம் போதும். தூய சுண்ணாம்புக்கல் தூள் கிடைக்காத இடத்தில், கொதிக்கவைத்து உலர்த்தி நன்கு பொடித்த முட்டை ஓடு, நத்தை ஓடு, சிப்பி ஆகியவை பயன்படும். இவையும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. சுவருக்கு அடிக்கும் சுட்ட சுண்ணாம்பை ஒருபோதும் தீனியில் சேர்க்கலாகாது. அது வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும்.

தவிட்டைக் குறைத்து மரவள்ளி, சேம்பு முதலிய கிழங்குகளை மிகுதியாகக் கொடுக்கும் வீடுகளில் நிலைமை வேறு. கிழங்குகளில் இரு தாதுக்களுமே குறைவாதலால் டைகால்சியம் பாஸ்பேட் அல்லது நன்கு கிருமி நீக்கப்பட்ட எலும்புத்தூள் தேவைப்படும். சேம்பிலையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும் தன்மையது. ஆகவே அதனை வேகவைத்த நீரைக் கொட்டிவிடுவது நல்லது.

பாலூட்டும் தாய்ப்பன்றியின் தேவை தனிக் கவனத்திற்குரியது. அதன் தீனியில் கால்சியம் 0.75 சதவீதம் இருக்கவேண்டும். தீனியில் கிடைக்காவிடில் அது தன் எலும்பைக் கரைத்தே பாலுக்கு அளிக்கிறது. எட்டு, பத்துக் குட்டிகளுக்குப் பாலூட்டிய பின் எலும்பு நொய்ந்து, பின்னங்கால்கள் செயலற்று, முதுகெலும்பு முறியவும் நேரலாம். இவ்வாறு படுத்த பன்றியை மந்தமானது என்றோ, கண்ணேறு பட்டது என்றோ எண்ணி விற்றுவிடுகின்றனர். அது உண்மையில் நாள்தோறும் சில கைப்பிடிச் சுண்ணாம்புக்கல் தூள் கிடைக்காததன் விளைவாகும்.

துத்தநாகமும் அயோடினும்

கால்சியம் மலிவானது என்பதற்காக அளவின்றிக் கொடுப்பதும் தவறு. 1955ஆம் ஆண்டில் டக்கர், சால்மன் என்னும் அமெரிக்க அறிஞர்கள், பன்றிகளின் தோல் தடித்து வெடித்துச் செதிலாகும் ஒரு நோய் துத்தநாகக் குறைபாட்டினால் உண்டாகிறது என்று நிறுவினர். தீனியில் கால்சியம் மிகும்போது இந்நோய் கடுமையாகிறது. பைட்டேட்டும் துத்தநாகத்தைப் பிணைத்துக்கொள்கிறது. தவிட்டோடு கால்சியம் சேர்க்கும் நம் முறையில் இவ்விரு இடையூறுகளும் ஒருங்கே அமைகின்றன. எனவே சுண்ணாம்புக்கல் தூள் சேர்ப்பவர் துத்தநாகத்தையும் சேர்க்கவேண்டும். 22 சதவீதம் துத்தநாகம் உள்ள, தீவனத் தரமுடைய சல்பேட் உப்பு 100 கிலோ உலர்தீனிக்கு 22 கிராம் சேர்த்தால், கிலோவுக்குச் சுமார் 50 மில்லிகிராம் கூடுதலாகக் கிடைக்கும். வயலுக்கு இடும் துத்தநாக உரத்தில் ஈயம், காட்மியம் போன்ற மாசுகள் இருக்கலாமாதலால் அதனைப் பயன்படுத்தலாகாது. தோல் வெடிப்பைக் கண்டு சொறிநோய் என்று கருதி எண்ணெய் தடவுவதற்கு முன், அது துத்தநாகக் குறைபாடா என்பதையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

இமயமலை அடிவாரமும் வடகிழக்குப் பகுதியும் மண்ணில் அயோடின் குறைந்த நிலப்பகுதிகள். மனிதரிடம் காணப்பட்ட முன்கழுத்துக் கழலையைக் குறித்து காங்ரா பள்ளத்தாக்கில் 1956ஆம் ஆண்டில் ஆய்வு தொடங்கியதும், 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டதும் மாணவர்கள் அறிந்தவையே. அதே மண்ணில் விளைந்ததை உண்ணும் பன்றிக்கும் அதே குறைபாடு நேரும். சினைப்பன்றிக்கு அயோடின் குறைந்தால் உரோமமற்ற, கழுத்து வீங்கிய, உயிரற்ற அல்லது நலிந்த குட்டிகள் பிறக்கும். கடுகுப் பிண்ணாக்கில் உள்ள சில பொருள்கள் தைராய்டுச் சுரப்பி அயோடினைப் பயன்படுத்துவதைத் தடுப்பதால், அப்பிண்ணாக்கைத் தீனியாக்கும் அசாம் போன்ற இடங்களில் இதற்கு மேலும் கவனம் தேவை.

இக்குறையைத் தீர்க்க வீட்டில் பயன்படுத்தும் அயோடின் கலந்த உப்பே போதும். 10 கிலோ உலர்தீனிக்கு 30 கிராம் என்ற அளவில் அதனைச் சேர்க்கலாம். கொதிக்கவைத்த தீனி ஆறிய பின் சேர்ப்பது நல்லது. சமையற்கழிவில் கருவாடு, ஊறுகாய் முதலிய உப்பு மிகுந்த பொருள்கள் இருந்தால் அளவைக் குறைக்கவேண்டும். எக்காலத்தும் குடிநீர் தட்டாமல் கிடைக்கவேண்டும். நீர் கிடைக்காத பன்றிக்கு வழக்கமான உப்பும் நஞ்சாகி, வலிப்பையும் மரணத்தையும் விளைவிக்கும்.

செம்பு, மாங்கனீசு, செலினியம் ஆகியவையும் தேவையானவையே. ஆனால் தேவைப்படும் அளவு மிக நுண்ணியது. செலினியத்தில் தேவைக்கும் நச்சுநிலைக்கும் இடையே உள்ள வேறுபாடு குறுகியது. இவற்றைத் தனித்தனியே வாங்கிக் கலக்காமல், பன்றிக்கென்றே தயாரித்த நுண்தாதுக் கலவையை அதன் உறையில் குறித்த அளவில் சேர்ப்பதே பாதுகாப்பானது.

கலக்கும் முறையும் கூட்டு முயற்சியும்

தாதுப்பொருள்கள் தீனி முழுவதிலும் ஒரே சீராகப் பரவவேண்டும். 22 கிராம் உப்பை 100 கிலோ தீனியில் நேராகத் தூவினால் ஒரு பன்றிக்கு ஒன்றும் கிடைக்காது. மற்றொன்றுக்கு மிகுதியாகக் கிடைக்கும். முதலில் ஒரு கிலோ தவிட்டில் நன்கு கலந்து, அதனைப் பத்துக் கிலோவிலும், பின்னர் நூறு கிலோவிலும் கலப்பதே சரியான முறை. இரண்டு பன்றி வளர்க்கும் குடும்பம் இதனைத் தனியே செய்வது கடினம். ஆனால் பத்துப் பதினைந்து பெண்கள் உறுப்பினராக உள்ள ஒரு சுய உதவிக் குழு, மாதம் ஒருமுறை கூடிக் கலந்து பகிர்ந்துகொள்வது எளிது. இரும்பு ஊசி மருந்துக்கும் இது பொருந்தும். ஒரு குப்பி மருந்து ஓர் ஈற்றுக் குட்டிகளுக்குத் தேவைப்படுவதைவிட மிகுதியாக இருக்கலாம். திறந்த குப்பியை நெடுநாள் வைத்திருக்கவும் இயலாது. ஆகவே அண்டை வீடுகளில் ஈற்றுக்காலம் ஒத்துவருமாறு திட்டமிட்டால் மருந்து வீணாகாது.

2022இல் தொடங்கப்பட்ட 'ஏ-ஹெல்ப்' திட்டத்தின்கீழ்ப் பயிற்சி பெறும் ஊர்ப்புறப் பெண்கள், கால்நடைத் துறைக்கும் வளர்ப்போருக்கும் இடையே பாலமாக விளங்குகின்றனர். குட்டி பிறந்த மூன்றாம் நாள் என்னும் நாள் தவறக்கூடாத நாளாகும். அந்நாளில் மாவட்டத் தலைநகரிலிருந்து மருத்துவர் வருவார் என எதிர்பார்ப்பது இயலாது. அதே ஊரில் வாழும் ஒருவர் மருத்துவரின் வழிகாட்டுதலோடு செயற்படுவதே நடைமுறைக்கு ஏற்றது.

திட்டமிடுவோர் கவனத்திற்கு

பன்றி வளர்ப்புத் திட்டங்களின் வெற்றியை வழங்கப்பட்ட குட்டிகளின் எண்ணிக்கையாலும் கட்டப்பட்ட கொட்டகைகளின் எண்ணிக்கையாலும் அளவிடுவது நம் வழக்கமாக உள்ளது. இவை செலவின் அளவுகளே. பயனின் அளவுகள் அல்ல. ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகளில் பால்மறக்கும் வரை பிழைத்தவை எத்தனை, அப்போது அவற்றின் எடை என்ன, தாய்ப்பன்றி மீண்டும் சினைப்பட்டதா ஆகிய மூன்று வினாக்களுக்கு விடை பதிவு செய்யப்படுமானால் திட்டத்தின் உண்மை நிலை வெளிப்படும். 2021-22இல் திருத்தியமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கம் பன்றிப் பெருக்கப் பண்ணைகளுக்கு 50 சதவீத மூலதன மானியம் வழங்க வகைசெய்தது. பெரிய பண்ணைகளுக்கு இது துணைபுரியும். ஆனால் இரண்டு பன்றிகள் வைத்திருக்கும் குடும்பத்திற்கு வேண்டியது மூலதனம் அன்று. ஒரு பை சுண்ணாம்புக்கல் தூளும், உரிய நாளில் ஓர் ஊசியும், அவற்றின் பயனை விளக்கிச் சொல்லும் ஒருவருமே.

ஒரு குட்டி மூன்றாம் வாரத்தில் இறக்கும்போது, தாய்ப்பன்றி நான்கு மாதங்கள் சினையாக இருந்த காலத்தில் உண்ட தீனியும், அதற்காக ஒரு பெண் சுமந்து வந்த விறகும் நீரும் சேர்ந்தே அழிகின்றன. இந்த இழப்பு எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் இடம் பெறுவதில்லை. கொட்டகைக்கான ஆணையை வழங்கும் அலுவலர், அதனுடன் தாதுப்பொருள் பற்றிய ஒரு பக்க விளக்கத்தையும், முதல் ஈற்றுக்குத் தேவையான இரும்பு மருந்தையும் வழங்க ஏற்பாடு செய்வாராயின், திட்டத்தின் மொத்தச் செலவில் அது கணக்கில் கொள்ளத்தக்க தொகையாக இராது. அச்சிறு தொகையே எஞ்சிய பெருந்தொகை வீணாகாமல் காக்கும்.